லிஃப்ட்டு அப்பால பாத்துக்கலாம் மாமு

டேய் மாமு,

உன் வாய்ஸ் மெசேஜ் பன்னெண்டு நிமிஷம் ஓடுச்சுடா, எங்க வீட்ல சாம்பார் வெச்சு எறக்குற வரைக்கும் கேட்டுக்கினே இருந்தேன், கடசில புரிஞ்சது இன்னான்னா நீ பழைய மாருதி ஜிப்சி ஜீப்பு வாங்கிட்ட, அதுக்கு வண்டிய ஒசத்துற லிஃப்ட் கிட் போடணும், பெரிய டயர் போடணும், முன்னாடி கம்பி பம்பர் போடணும், இதுக்கெல்லாம் நான் ஆமான்னு சொல்லணும். போன்ல சொன்னா நடுவுல பூந்து பேசுவ, அதான் உக்காந்து டைப் அடிக்கிறேன், முழுசா படி.

மொதல்ல இங்க சேதி. அம்மாவுக்கு கண்ணு ஆபரேஷன் முடிஞ்சு நல்லா தெரியுது. அதான் இப்ப பிரச்சனையே, ஜீப்புக்கு அடியில எண்ணெய் சொட்டுறது மாடிலேர்ந்தே தெரியுதாம், காலைல காபி வருதோ இல்லையோ "வாசல்ல கறை"ன்னு பாட்டு வந்துடுது. பெரியவ வேலைக்குப் போறா, சின்னவன் ப்ளஸ் டூ. வெயில் பத்தி கேட்ட, இது வேலூரா வெயிலூரான்னு நாமளே சின்ன வயசுல கிண்டல் பண்ண ஊரு, அதுல ஒன்னும் மாத்தமில்ல.

சரி வண்டிக்கு வரேன். உன்கிட்ட சொல்லாத கதை ஒன்னு இருக்கு, வெக்கமா இருந்துச்சு சொல்லல. நான் என் மஹிந்திரா ஜீப்பு எம்.எம்.540 எடுத்தப்ப மொத வாரமே இன்னா பண்ணேன் தெரியுமா, கமான் பட்டைய சேசிஸோட சேக்குற தொங்கு பட்டை, அதான் சாக்கிள், அத லேத்துல குடுத்து ரெண்டு இஞ்ச் நீளமா செஞ்சு மாட்டிட்டேன், கூடவே அகலமான டயர். பாக்க சும்மா யானை மாதிரி நின்னுச்சுடா. தெருப் பசங்க எல்லாம் போட்டோ எடுத்துக்கினு போனானுங்க. அந்த ஞாயித்துக்கெழமையே போளூர் வழியா ஜமுனாமரத்தூர் கெளம்பிட்டேன், போளூர் தாண்டி நல்ல தார் ரோட்டுல ஸ்பீடு அம்பதைத் தொட்டதும் ஒரு சின்ன பள்ளம், அதுல எறங்கி ஏறுச்சு, அவ்ளோதான், ஸ்டியரிங் கையில நிக்கல, முன் சக்கரம் ரெண்டும் சாமி வந்தவன் தலை மாதிரி ஆடுது, பிரேக் மிதிச்சா இன்னும் அதிகமா ஆடுது. எதுத்தாப்ல ஒரு கரும்பு டிராக்டர். எப்படி ஓரங்கட்டினேன்னு இன்னிக்கு வரைக்கும் தெரியல, நின்ன அப்பறம் ஒரு பத்து நிமிஷம் கை நடுக்கம் அடங்கல.

மறுநாள் நம்ம பாய் பட்டறைக்கு இருபது ஸ்பீடுலயே ஓட்டிக்கினு போனேன். பாய் வண்டிய சுத்தி வந்தாரு, டயர ஒரு ஒதை, சாக்கிள ஒரு பார்வை, "வண்டிக்கு கால் வலி, நீ ஹை ஹீல்ஸ் வாங்கி குடுத்திருக்க"ன்னாரு. அதுக்கு மேல திட்டல. திட்டியிருந்தா கூட பரவால்ல.

விஷயம் இன்னான்னா, சாக்கிள் நீளமானதும் முன் ஆக்ஸில் லேசா முன்னாடி சாஞ்சுடுச்சு, காஸ்டர்னு சொல்ற பின்பக்க சாய்மானம் கொறஞ்சு போச்சு, அது இருந்தாத்தான் ஸ்டியரிங் தானா நேரா திரும்பி வரும். ஆனா அது மட்டும் காரணம் இல்ல, ஏற்கனவே கிங்பின், அதான் சக்கரம் திரும்புற அச்சு, அதோட பேரிங் தேஞ்சு போய் இருந்துச்சு, ரெண்டு சக்கரத்தையும் சேக்குற டை ராடு முனைல ஆட்டம், பட்டை புஷ் எல்லாம் தூளு. சின்ன டயர் இருந்த வரைக்கும் இதெல்லாம் மறைஞ்சு கெடந்துச்சு. கனமான டயர மாட்டி நானே வெளிய கொண்டாந்துட்டேன்.

அதனால உன் ஜிப்சிக்கு மொத வேலை இது, காசு செலவே இல்ல. முன்பக்கம் ஜாக்கி குடுத்து சக்கரத்த தூக்கு, மேல ஒரு கை கீழ ஒரு கை வெச்சு உள்ள வெளிய ஆட்டு. ஆட்டம் இருந்தா உன் பையன பிரேக்க மிதிச்சுக்கினு உக்கார சொல்லி மறுபடி ஆட்டு. இப்ப ஆட்டம் நின்னுடுச்சுன்னா வீல் பேரிங், அப்பவும் ஆடுச்சுன்னா கிங்பின். ரெண்டு பக்கமும் பாரு. அப்பறம் சக்கரத்துக்கு உள்பக்கம் உருண்டையா இருக்குற நக்கிள் பின்னாடி கைய வெச்சு பாரு, கையில எண்ணெயும் கிரீஸும் கலந்து கூழு மாதிரி வந்தா உள்ள ஆக்ஸில் சீல் போயிடுச்சு, ஆக்ஸில்ல இருக்குற கியர் உருண்டை, அதான் டிஃப்ரன்ஷியல், அதோட ஆயில் அங்க வருதுன்னு அர்த்தம். கிங்பின் பேரிங் மாத்தும்போது ஷிம்முன்னு மெல்லிசு தகடு இருக்கும், அத கணக்கா வெக்கத் தெரிஞ்ச ஆளா பாரு. "டைட்டா போட்டுட்டேன் சார்"னு சொல்றவன்கிட்ட குடுக்காத.

டயர் விஷயத்துல நீ ஒரு கணக்கு பாக்கணும். உன் ஜிப்சி கிங்குக்கு கம்பெனி டயர் 205/70 ஆர்15, அதோட ஒசரம் 668 மில்லி. நீ போடணும்னு சொல்ற 235/75 ஆர்15 கிட்டத்தட்ட 734 மில்லி. பத்து சதம் பெருசு. மீட்டர் 60 காட்டும்போது நெஜமா 66-ல போய்க்கினு இருப்ப, அத விடு, கியர் எல்லாமே பத்து சதம் நீளமாயிடும், மலை ஏத்தத்துல இழுவை போயிடும். உன்னுது 99 மாடல், கார்பரேட்டர் இன்ஜின், 1298 சி.சி, 60 குதிரை, அது குடுக்குற இழுவைல பத்து சதம் இழந்தா மிச்சம் இன்னா இருக்கு? உன் வண்டி ஆக்ஸில் ரேஷியோ 3.73. பழைய 970 சி.சி ஜிப்சில 4.11 கிரவுன் பினியன், அதான் டிஃப்ரன்ஷியல் உள்ள இருக்குற பல்சக்கர ஜோடி. அது கெடச்சா பெரிய டயரு திங்குற இழுவைய கிட்டத்தட்ட அப்படியே திருப்பிக் குடுத்துடும். ஆனா முன்னாடி பின்னாடி ரெண்டு ஆக்ஸிலுக்கும் சேத்து மாத்தணும், ஒன்னு மட்டும் மாத்திட்டு ஃபோர் வீல் போட்டா ஒன்ன ஒன்னு முறுக்கிக்கினு எதாவது ஒடையும். வாங்குறதுக்கு முன்னாடி தண்டு சொருகுற எடத்துல இருக்குற ஸ்பிளைன் பல்லு எண்ணிப் பாரு, எல்லா வருஷத்துதும் ஒன்னுக்கொன்னு சேராது. இல்லன்னா என் பேச்ச கேட்டு 215/75 போடு, அஞ்சு சதம்தான் வித்தியாசம், எதையும் பிரிக்க வேணாம்.

அகலமான டயர் எதுக்குன்னு கேக்குறேன். ஜமுனாமரத்தூர் பக்கம், அப்பறம் ஒடுகத்தூர்லேர்ந்து பீஞ்சமந்தை ஏறுற பக்கம் ஓடுற பழைய ஜீப்புங்கள பாத்திருக்கியா? சாமை மூட்டை, புளி, பலாப்பழம், அதுக்கு மேல ஆளுங்க. எல்லாம் 6.00-16 ஒல்லி நைலான் டயரு. சேத்துல ஒல்லி டயர் அறுத்துக்கினு கீழ இருக்குற கெட்டித் தரைய புடிச்சுடும், அகலமானது மேல மெதந்து வழுக்கும். மணல்ல கதை தலைகீழு, அங்க மெதக்கணும், ஆனா அதுக்கு புது டயர் வேணாம், காத்த எறக்குனா போதும். பாலாத்து மணல்ல நான் மாட்டுனப்ப 30 பி.எஸ்.ஐலேர்ந்து 16-க்கு எறக்குனேன், அதுவரைக்கும் நாலு பேரு தள்ளியும் வராத வண்டி தானா எழுந்து வந்துடுச்சு. ரோட்டுக்கு வந்ததும் காத்து அடிச்சுடணும், மறந்து வேகமா ஓட்டுனா டயர் சூடாகி கிழியும். ஒரு சின்ன கம்ப்ரஸர் வாங்கு, லிஃப்ட் கிட் காசுக்கு அது எவ்ளவோ கம்மி.

அந்த மலை ஜீப் டிரைவர் ஒருத்தர்கிட்ட டீக்கடைல பேசுனேன், "அண்ணே வண்டில இன்னா மாத்திருக்கீங்க"ன்னு கேட்டா "பின்னாடி ஒரு பட்டை சேத்தேன், ஆயில் மாத்துறேன்"னாரு. அவ்ளோதான். அவரு தெனம் ரெண்டு நடை ஏறுறாரு, நாம மாசத்துக்கு ஒரு தடவ ஏறிட்டு வாட்ஸ்ஆப்ல போடுறோம்.

தண்ணி பத்தி ஒன்னு சொல்லியே ஆகணும். போன வருஷம் மழை முடிஞ்சு அமிர்தி பக்கம் நாகநதில முட்டி அளவு தண்ணி, ஜம்முனு எறங்கி ஏறிட்டேன். ஒரு மாசம் கழிச்சு டிஃப்ரன்ஷியல் ஆயில் தொறந்தா பால் காபி மாதிரி வருது. ஓடி ஓடி ஆக்ஸில் சூடா இருக்கும், திடீர்னு குளுந்த தண்ணில எறங்குனதும் உள்ள காத்து சுருங்கும், சுருங்குனா எங்கயாவது ஒரு ஓட்டை வழியா வெளிய இருக்குறத உறிஞ்சும், வெளிய இருந்தது தண்ணி. ஆக்ஸில் மேல காத்து போய் வர்ற சின்ன மூக்கு, அதான் பிரீதர், அதுல ஒரு பெட்ரோல் டியூப் சொருகி சேசிஸ் மேல வரைக்கும் ஏத்தி கட்டிட்டா முடிஞ்சுது. சின்ன செலவுடா. நான் அத பண்ணாம மூணாயிரத்துக்கு எல்.இ.டி லைட் பார் வாங்கி வெச்சிருந்தேன். இன்னொன்னு, எனக்கு நாலு பக்கமும் டிரம் பிரேக், உனக்கு பின்னாடி டிரம், தண்ணிலேர்ந்து ஏறுனதும் லேசா பிரேக் மிதிச்சுக்கினே ஒரு நூறு அடி போ, காஞ்சுடும். காயாம எறக்கத்துல விட்டா சாமிய கூப்புட வேண்டியதுதான்.

உனக்கு கார்பரேட்டர்ங்கறதால கூட ஒரு தலவலி. செங்குத்து ஏத்தத்துல கார்பரேட்டருக்குள்ள பெட்ரோல் தேங்குற ஃப்ளோட் சேம்பர்ல அது ஒரு பக்கமா சாஞ்சுடும், வண்டி மூச்சு முட்டி நிக்கும். நீ அத இன்ஜின் கோளாறுன்னு நெனச்சு செலவு பண்ணுவ. ஃப்ளோட் லெவல் சரியா இருக்கான்னு மொதல்ல பாக்க சொல்லு. என் டீசலுக்கு அந்த கஷ்டம் இல்ல. இன்ஜின் பேரு எக்ஸ்.டி.பி 4.90ன்னு போட்டிருக்கே, நான் ரொம்ப நாள் அது மாடல் நம்பர்னு நெனச்சேன், நாலு சிலிண்டர், ஒவ்வொன்னோட உள் அகலம் 90 மில்லின்னு பாய்தான் சொன்னாரு. பெஜோ இன்ஜின்டா, பிரான்ஸ்காரன் செஞ்சது ஒடுகத்தூர் ஏத்தத்துல முக்கிக்கினு போவுது. சத்தம் மட்டும் மாவு மில்லு.

கம்பி பம்பர் வேணாம்டா, ஏன்னும் சொல்லிடுறேன். 2017 டிசம்பர்லயே மத்திய அரசு இந்த கம்பி பம்பர், அதான் புல் பார், கூடாதுன்னு எல்லா மாநிலத்துக்கும் எழுதிடுச்சு. மோட்டார் வாகனச் சட்டம் 52-வது பிரிவு, கம்பெனி குடுத்த அமைப்ப மாத்தக்கூடாதுன்னு 2019 ஜனவரில சுப்ரீம் கோர்ட்டும் சொல்லிடுச்சு. 15 வருஷம் தாண்டுன வண்டி, அஞ்சு வருஷத்துக்கு ஒரு தடவ காட்டி ஆர்.சி புதுப்பிக்கணும், உன்னுது அடுத்தது 2029. அன்னிக்கு எல்லாத்தையும் கழட்டி, மறுபடி மாட்டி, யாருக்குடா பொறுமை இருக்கு. அதுக்கு பதிலா சேசிஸ்ல முன்னாடி ஒன்னு பின்னாடி ஒன்னு நல்ல கொக்கி இருக்கான்னு பாரு, துரு புடிச்சிருந்தா மாத்து. இழுக்கும்போது கயித்து நடுவுல ஈரச் சாக்கு போடு, அறுந்தா சுண்டி அடிக்கற வேகம் கொறயும். அப்பறம் காப்புக்காட்டுக்குள்ள அனுமதி இல்லாம சக்கரத்த வெக்காத, இங்க நாம போறதெல்லாம் ஊர் போற ரோடுதான், அதுவே போதும் போதும்னு ஆயிடும்.

உங்க அப்பா ஞாபகம் வந்துச்சுடா இத எழுதும்போது. குடியாத்தத்துல அந்த ஆபீஸ் ஜீப்ப எடுக்குறதுக்கு முன்னாடி ஒரு ஸ்பேனர வெச்சு ஒவ்வொரு வீல் நட்டயும் தட்டிக்கினே சுத்தி வருவாரே, நாம ரெண்டு பேரும் பின்னாடியே சுத்தி வருவோம், கோயில் சுத்துற மாதிரி. லூசா இருந்தா சத்தம் மாறும்னு அப்ப நமக்கு தெரியாது. அன்னிக்கு போளூர் ரோட்டுல ஓரங்கட்டினதும் நான் மொதல்ல பண்ணது அதான், ஒரு கல்ல எடுத்து நட்டு நட்டா தட்டினேன். எதுக்கு தட்டினேன்னு எனக்கே அப்பறம்தான் ஒறைச்சுது. அந்த ஸ்பேனர் உங்க வீட்ல எங்கயாவது இருக்கும், தேடு.

பொங்கல் லீவுக்கு ஜிப்சியோட வா. லிஃப்ட் இல்லாம வா. ரெண்டு வண்டியும் அமிர்தி வரைக்கும் போவோம், வரும்போது ஆம்பூர் பிரியாணி வேணும்னு அடம் புடிப்ப, அது வேற பக்கம், இருந்தாலும் போவோம். இன்னொரு உதவி, நீ சென்னைலதான இருக்க, புதுப்பேட்டைல என் வண்டிக்கு முன் ஹப் ஆயில் சீல் ரெண்டு பாரு, இங்க கெடைக்கறது ரெண்டு மாசத்துல கிழிஞ்சுடுது. பழசு ஒன்ன கழுவி பார்சல்ல அனுப்புறேன், அத காட்டி அளவு வெச்சு பாத்து வாங்கு, வாயால சொல்லி வாங்காத. அம்மா இப்பவும் மாடில நின்னு கறையத்தான் பாத்துக்கினு இருக்கு.

உன்
மாமு