பதினெட்டு வேலை செய்யும் சுத்தியல்

கோயம்புத்தூர்,
ஞாயிறு காலை

அன்புள்ள கயல்,

நீ ஜெர்மனியிலிருந்து அனுப்பிய கருவிப் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். முன்னால் சுத்தியல், பின்னால் கோடாலி, பிடியை விரித்தால் பிளேயர், பிடிக்குள்ளே கத்தி, ரம்பம், அரம், மூன்று திருப்புளி, பாட்டில் திறப்பான். "18 இன் 1, இருபத்தைந்து யூரோதான், வாங்கட்டுமா?" என்று கேட்டிருக்கிறாய். வேண்டாம். ஆனால் இதை வைத்து, பல வேலைக் கருவி எல்லாமே ஏமாற்று என்று அப்பா சொல்வதாக நினைத்துவிடாதே. நம் வீட்டு அரிவாள்மனையும் அந்த ஜாதிதான். காய் நறுக்கும் அரிவாள், அதன் நுனியில் தேங்காய்த் துருவி. இரண்டுக்கும் ஒரே பலகை, காலால் அழுத்திப் பிடிக்கும் ஒரே பிடிப்பு. கத்தரிக்காய் நறுக்கும்போது துருவி கையில் இடிப்பதில்லை. தேங்காய் துருவும்போது நடுவில் ஆடுகிற மூட்டு எதுவும் இல்லை.

எந்தக் கருவியானாலும் இரண்டு கேள்வி கேள். நான் கொடுக்கும் விசை எந்த வழியாகப் போகிறது, நடுவில் மூட்டு இருக்கிறதா? மற்ற வேலைகளுக்காகப் பிடியைக் கெடுத்திருக்கிறார்களா? பதினெட்டா எட்டா என்ற எண்ணிக்கையைப் பெட்டி அட்டையோடு விட்டுவிடு.

அந்தச் சுத்தியலையே எடுத்துக்கொள். நல்ல சுத்தியல் என்றால் 300 கிராம் தலை, சுமார் 30 செ.மீ. மரப்பிடி. உன் படத்தில் இருப்பதன் பிடி அதில் பாதிதான் தேறும். கை ஒரே வேகத்தில் சுழன்றாலும், பிடி பாதியானால் தலையின் வேகம் பாதி. வேகம் பாதியானால் அடியின் ஆற்றல் கால் பங்கு. நான்கு அடியில் இறங்கும் ஆணிக்குப் பதினாறு அடி போட வேண்டும், அதற்குள் ஆணி வளைந்துவிடும். அதைவிட மோசம், தலை உட்கார்ந்திருக்கும் இடம் பிளேயரின் மூட்டு. ஒவ்வொரு அடியும் அந்த ரிவிட்டில் போய் இறங்குகிறது. கொஞ்ச நாளில் ரிவிட் தளர்ந்து பிளேயரின் வாய் கோணிக்கொள்ளும். ஆக, சுத்தியல் வேலை செய்து பிளேயரைக் கொல்கிறது. கோடாலிப் பக்கம் பற்றி எழுதவே வேண்டாம். ஆணி அடிக்கும்போது அந்தக் கூர் உன் முகத்தைப் பார்த்தபடி வந்து போகும்.

இதற்கு நேர் எதிர் நம் கட்டிங் பிளேயர். உண்மையான பல வேலைக் கருவி அதுதான், யாரும் அப்படி விளம்பரம் செய்வதில்லை. தட்டையான மூக்கு கம்பியைப் பிடிக்க, வெட்டுவெட்டாக இருக்கும் குழிவு உருண்டைக் கம்பியையும் சின்னக் குழாயையும் திருப்ப, உள்ளே வயர் நறுக்கும் பல், சிலவற்றில் மூட்டுக்கு வெளிப்புறம் கெட்டிக் கம்பி வெட்ட ஒரு காடி. எல்லாவற்றுக்கும் ஒரே மூட்டு, ஒரே அமுக்கு. வெட்டும் பல்லை மூட்டை ஒட்டி வைத்திருப்பதிலும் கணக்கு உண்டு. பிளேயரின் மூட்டிலிருந்து உன் பிடி 12 செ.மீ., பல் 1.5 செ.மீ. தள்ளி என்றால் உன் கைவிசை எட்டு மடங்காகிறது. எட்டு அங்குலம், அதாவது 200 மி.மீ. அளவு வாங்கு. வாங்கும்போது வாயை மூடி வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்துப் பார். மூக்கு நுனி ஒட்டியிருக்க வேண்டும், பல்லுக்கிடையே வெளிச்சம் தெரியக் கூடாது. ஒரு தாளை நுழைத்து வெட்டினால் கிழியாமல் சுத்தமாக அறுபட வேண்டும்.

அடுத்தது திருப்புளி. பிட், அதாவது முனைத் துண்டு, மாற்றும் வகை வாங்கலாம், அது கெடுதலான யோசனையில்லை. திருப்பும் விசை பிடியிலிருந்து நேராக பிட்டுக்குப் போகிறது, நடுவில் மடங்கும் மூட்டு கிடையாது. பிட்டின் அடிப்பகுதி எல்லா ஊரிலும் 6.35 மி.மீ. அறுகோணம்தான், தேய்ந்தால் ஒன்றை மட்டும் மாற்றிக்கொள்ளலாம். குறை ஒன்று உண்டு. பிட்டைப் பிடிக்கும் குழல் தடிமனாக இருப்பதால் ஆழமான குழிக்குள் இருக்கும் ஸ்க்ரூவுக்கு எட்டாது. 25 மி.மீ. பிட்டோடு 50 மி.மீ. பிட்டும் இரண்டு வைத்துக்கொள்.

நீ இப்போது அலமாரியைப் பொருத்தும் வேலையில் இருப்பதால் இதைக் கவனமாகப் படி. நாம் ஸ்டார் என்று சொல்லும் தலையில் அங்கே இரண்டு வகை உண்டு: பிலிப்ஸ், போசிட்ரைவ். பிட்டில் முறையே பிஎச் 2 (PH 2), பிஇசட் 2 (PZ 2) என்று பொறித்திருக்கும். ஸ்க்ரூ தலையில் பெரிய கூட்டல் குறிக்கு நடுவே, மூலைவாக்கில் நாலு மெல்லிய கோடு தெரிந்தால் அது போசிட்ரைவ். ஐரோப்பிய மரச்சாமான் ஸ்க்ரூக்களில் பெரும்பாலும் அதுதான். பிலிப்ஸ் பிட்டின் பக்கங்கள் சரிவானவை, அழுத்தித் திருப்பும்போது பிட் தானாக மேலே ஏறி வெளியே வழுக்கும். அதைப் போசிட்ரைவ் தலையில் போட்டால் நாலாவது ஸ்க்ரூவிலேயே தலை உருண்டுவிடும். அலமாரியோடு கொடுத்த ஆலன் கீயை (எல் வடிவ அறுகோணச் சாவி) தூக்கிப் போடாதே, பெரும்பாலும் 4 மி.மீ. இருக்கும். கடைசி இறுக்கத்துக்குக் கையே போதும். மின் திருப்புளியால் ஒரே மூச்சில் இறுக்கினால் மரத்தூள் பலகையில் மரை பிய்ந்து, ஸ்க்ரூ வெறுமனே சுற்றும்.

எல்லா நட்டுக்கும் பொருந்தும் சாக்கெட் என்று ஒன்றும் அந்தப் படத்தில் பக்கத்தில் இருந்ததே, உள்ளே ஸ்பிரிங் வைத்த ஊசிகள் நெருக்கமாக நிற்பது? 7 முதல் 19 மி.மீ. வரை பிடிக்கும் என்பது பொய்யில்லை. கொக்கி, காது வைத்த நட் போன்ற கோணல் தலைகளுக்கு உதவும். ஆனால் துருப்பிடித்த அறுகோண நட்டில் ஊசிகள் வளைந்து கொடுக்கும், இடைவெளி விழும், நட்டின் முனைகள் மழுங்கும். ஒரு தடவை முனை மழுங்கினால் பிறகு சரியான ஸ்பேனரும் பிடிக்காது. எட்டுத் தலை சுழலும் ஸ்பேனருக்கு வேறு வியாதி: தலை அத்தனை பருமன், சுவரை ஒட்டிய நட்டுக்குள் நுழையாது.

அளவு தெரியாத நட்டுக்கு, திருகைச் சுற்றி வாயை விரித்துச் சுருக்கும் 200 மி.மீ. ஸ்க்ரூ ஸ்பேனர் ஒன்று போதும். ஸ்வீடனில் யோஹான்சன் என்பவர் 1892-இல் உரிமம் வாங்கிய அமைப்பையே இன்றைக்கும் செய்கிறார்கள். பயன்படுத்தும் முறைதான் முக்கியம். நீ இழுக்கும் திசைப் பக்கம் நகரும் தாடை இருக்கட்டும், அப்போது பாரம் அசையாத தாடையில் விழும். திருப்பிப் போட்டால் தாடை விரிந்து வழுக்கும். ஒவ்வொரு பிடிக்கும் திருகைச் சுற்றி வாயை மறுபடி ஒட்ட வை.

சைக்கிளுக்கு மட்டும் மடக்குக் கருவி தாராளமாக வாங்கு. அங்கே கணக்கு சரியாக வருகிறது. கைப்பிடியைப் பிடிக்கும் சின்ன ஆலன் போல்ட்டுகளுக்கு 5 நியூட்டன் மீட்டர் அளவுக்குத்தான் இறுக்கம் வேண்டும் (பாகத்திலேயே பொறித்திருந்தால் அதை எடுத்துக்கொள்). 5 செ.மீ. பிடியில் அது சுமார் 10 கிலோ தள்ளு, உன் கைக்கு ஏலும். 4, 5, 6 மி.மீ. ஆலன், ஒரு பிஎச் 2, செயின் பின் தள்ளுவது ஒன்று, இவ்வளவு இருந்தால் வழியில் நிற்க மாட்டாய். பெடலுக்கு அது உதவாது. பெடலுக்கு 35 நியூட்டன் மீட்டர் அளவில் வேண்டும். 10 செ.மீ. பிடி என்றால் 35 கிலோ விசை, வழுக்கினால் விரல் முட்டி செயின் பல்லில் போய் இடிக்கும். 15 மி.மீ. வாயும் நீளப் பிடியும் உள்ள ஸ்பேனர் வீட்டில் இருக்கட்டும். இடது பெடலுக்கு மரை எதிர்த்திசை, மறக்காதே.

மடக்குக் கத்தி பற்றியும் கேட்டிருந்தாய். சுவிஸ் ராணுவத்துக்கு 1891-இல் முதன்முதலாக மடக்குக் கத்தி வந்தபோது அதில் இருந்தவை நாலே நாலு: கத்தி, துளை போடும் ஊசி, டப்பா திறப்பான், துப்பாக்கியைக் கழற்ற ஒரு திருப்புளி. சிப்பாய்க்கு அன்றாடம் வேண்டியது அவ்வளவுதான். முதல் தொகுதியை அடித்துக் கொடுத்தது உன் பக்கத்து ஊர் சோலிங்கன். அந்த அளவோடு நிற்கும் மாதிரியைத் தேர்ந்தெடு, முப்பது தகடு வைத்தது கைக்குள் செங்கல் மாதிரி இருக்கும். ஒரு கையால் திறந்து பூட்டிக்கொள்ளும் கத்தியை, தக்க காரணம் இல்லாமல் வெளியே வைத்துக்கொண்டு நடப்பதற்கு ஜெர்மனியில் சட்டப்படி தடை உண்டு. பிளேயர் வைத்த பல வேலைக் கருவிகள் பலவற்றிலும் அப்படிப்பட்ட கத்திதான் இருக்கிறது. இரண்டு கையால் திறக்கும், பூட்டாத வகையாகப் பார்த்து வாங்கு. ஊருக்கு வரும்போது கைப்பையில் வைக்காதே, செக்-இன் பெட்டியில் போடு.

கரண்ட் வேலைக்கு இவை எதையும் தொடாதே. இரும்புப் பிடி, உறை கிடையாது, அங்கேயும் 230 வோல்ட்தான். நம் வீட்டு டெஸ்டரையும் நம்பாதே. அதற்குள் இருக்கும் நியான் விளக்கு உன் உடம்பு வழியாகப் போகும் துளி மின்சாரத்தில்தான் எரிகிறது. காய்ந்த மரத்தரையில், ரப்பர் செருப்போடு நின்றால் கரண்ட் இருந்தும் மங்கலாகத்தான் எரியும், பகல் வெளிச்சத்தில் கண்ணுக்கே தெரியாது. ஜெர்மன் எலக்ட்ரீஷியன்கள் அதைப் 'பொய்க்குச்சி' என்றே கூப்பிடுகிறார்கள். அதன் நுனி மென்மையானது, திருப்புளியாகப் போட்டு முறுக்கினால் பிளாஸ்டிக் பிடி விரியும். விளக்கு மாற்றும் வேலை இருந்தால் மெயினை அணைத்துவிட்டு, இரண்டு முனை வைத்த டெஸ்டரால் பார்த்துவிட்டுத் தொடு.

ஆக, இப்போதைக்கு பிளேயர், பிட் திருப்புளி, ஸ்க்ரூ ஸ்பேனர், 300 கிராம் சுத்தியல், சைக்கிள் மடக்கு. சுத்தியலை நீ தங்கியிருக்கும் வீட்டுக்காரரிடம் கேட்டால் கிடைக்கும், நான்கு ஆணிக்காக வாங்க வேண்டியதில்லை. சைக்கிள் பின் சக்கரத்தில் நட் இருக்கிறதா, கையால் மடக்கும் நெம்புகோல் இருக்கிறதா என்று பார்த்து எழுது. நட் என்றால் ஸ்கேலை வைத்து எதிரெதிர்ப் பக்கத்துக்கு இடையே எத்தனை மி.மீ. என்று அளந்து சொல். பெரும்பாலும் 15 இருக்கும். அப்படியானால் பெடலுக்கு வாங்கும் ஸ்பேனரே அதற்கும் ஆகும்.

அன்புடன்,
அப்பா