பூக்காரப் பாட்டிக்கும் உங்கள் எல்லோருக்கும்

திருவண்ணாமலையிலிருந்து நேற்று இரவுதான் வந்து சேர்ந்தேன். தலையில் இன்னும் சீயக்காய் வாசனை இருக்கிறது, அது போவதற்குள் இதை எழுதிவிட வேண்டும்.

அம்மாவைப் பறிகொடுத்த இந்த ஆறு மாதம் எப்படிப் போனது என்று உங்களுக்குத் தெரியும், மறுபடி சொல்ல எனக்குத் தெம்பில்லை. ஐசியூ வாசலில் மாறி மாறிப் படுத்துக்கிடந்த சித்தி பிள்ளைகள், ரத்தம் கொடுத்தவர்கள், என் ஷிஃப்டையும் சேர்த்துப் பார்த்த ஆபீஸ் நண்பர்கள், காரியம் முடியும்வரை சாப்பாடு அனுப்பிய மாடி வீட்டு அக்கா, "தீபாவளிக்கு நான் தனியாப் போறேன்" என்றதும் ஏன் என்றுகூடக் கேட்காமல் அப்பாவைத் தன் வீட்டுக்குக் கூட்டிப்போன அண்ணன், மூன்று நாள் தங்க அறை கொடுத்த ரமணாசிரமத்தார், எல்லோருக்கும் நன்றி.

ஆனால் இந்த மடல் முக்கியமாக ஆசிரமத்துக்கு எதிரே சாலையோரம் பூக்கட்டி விற்கிற ஒரு பாட்டிக்கு.

அங்கே போய்ச் சேர்ந்த அன்று முழுக்க போனை அணைத்துவிட்டு மாத்ருபூதேஸ்வரர் சந்நிதியிலேயே உட்கார்ந்திருந்தேன். ரமணரின் தாயார் அழகம்மாளின் சமாதி அது, அதைச் சுற்றித்தான் ஆசிரமமே எழுந்தது. 1922 மே மாதம் மலைமேல் இருக்கும் கந்தாசிரமத்தில் அந்த அம்மாவின் உயிர் பிரிந்த நாளில், ரமணர் ஒரு கையை அவர் நெஞ்சிலும் இன்னொரு கையைத் தலையிலும் வைத்தபடி கடைசிவரை பக்கத்திலேயே இருந்தாராம். எனக்கு அது வாய்க்கவில்லை, கண்ணாடிக் கதவுக்கு இந்தப் பக்கம்தான் நின்றேன்.

சாயங்காலம் சந்நிதிக்குப் பூ வாங்கும்போது, பாட்டி ஒரு துண்டு மல்லிகையை என் தலையில் வைக்க வந்தார். "வேணாம் பாட்டி, அம்மா போய் இன்னும் வருஷம் திரும்பல" என்றேன். சரி என்று தலையாட்டிவிட்டுப் பூவை எடுத்துக்கொண்டார், அவ்வளவுதான்.

மறுநாள் தீபாவளி. வெடிச் சத்தத்துக்கு மயில்கள் விடாமல் கத்த, தூக்கம் போய் நாலரைக்கு டீ குடிக்க வெளியே வந்தேன். பாட்டி அந்த நேரத்துக்கே பூக்கூடையோடு உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்ததும் எழுந்து போய், டீக்கடை அண்ணனிடம் ஒரு கரண்டி வாங்கி, நல்லெண்ணெய் ஊற்றி இரண்டு மிளகு போட்டு, பால் கொதிக்கிற அடுப்பிலேயே காட்டிக் கொண்டுவந்தார். நான் தயங்கினேன். "தீட்டு பண்டிகைக்குத்தாம்மா, உன் தலைக்கு என்ன தீட்டு? உக்காரு."

கடைப் பெஞ்சில் உட்கார்ந்தேன். நாரில் பூத்தொடுத்துக் காய்த்துப்போன விரல்கள், உச்சியில் எண்ணெயை வைத்துத் தேய்க்கும்போது சொரசொரவென்று இருந்தன. அம்மா மாதிரியே நெற்றியிலிருந்து பின்னால் வழித்துவிட்டார். ஆறு மாதமாக வராத அழுகை அப்போதுதான் வந்தது. பாட்டி ஒன்றும் கேட்கவில்லை, கையையும் எடுக்கவில்லை. அப்புறம் ஒரு சீயக்காய்ப் பொட்டலத்தைக் கையில் திணித்து, "போ, வெந்நீர்ல குளி" என்றார். காசு நீட்டினேன், என் கையைத் தட்டிவிட்டார்.

பாட்டி, உங்கள் பேரைக்கூடக் கேட்காமல் வந்துவிட்டேன். அடுத்த தீபாவளிக்கு அப்பாவையும் கூட்டிக்கொண்டு, ஒரு கைத்தறிப் புடவையும் எண்ணெயும் எடுத்துக்கொண்டு வருகிறேன். அன்றைக்கு அந்தப் பெஞ்சில் நீங்கள்தான் உட்கார வேண்டும்.