புதிதாக வந்தோருக்குப் பொறுப்புக் கொடுங்கள்: டர்பன் தமிழ்ச் சங்கங்களுக்கு ஒரு திறந்த மடல்

தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரிலும் சுற்றுவட்டாரத்திலும் இயங்கும் தமிழ்ச் சங்கங்கள், ஆலயக் குழுக்கள் ஆகியவற்றின் பொறுப்பாளர்களுக்கு வணக்கம்.

தமிழ்நாட்டிலிருந்து வேலையின் பொருட்டு அண்மையில் இந்நாட்டுக்கு வந்த குடும்பங்களுள் ஒன்றைச் சேர்ந்தவள் நான். எங்களைப் போன்றோரின் நிலையை உங்கள் கவனத்துக்குக் கொண்டுவந்து ஒரு வேண்டுகோளை முன்வைக்கவே இம்மடல். தைப்பூசக் காவடிக்கு வந்த எங்களுக்கு, முன்பின் அறியாதவர்கள் அன்போடு இலை போட்டுப் பரிமாறியதை நாங்கள் மறக்கவில்லை. ஆயினும், எத்தனை காலமானாலும் விருந்தினராகவே உட்காரவைக்கப்படுபவருக்கு இழந்த தன்னம்பிக்கை திரும்புவதில்லை. எங்களிடம் ஏதேனும் ஒரு பொறுப்பை ஒப்படையுங்கள் என்பதே என் வேண்டுகோள்.

ஊரில் மேல்நிலை வகுப்புகளுக்குக் கணக்கு கற்பித்தவள் நான். வேலை விசாவில் வருபவரின் வாழ்க்கைத் துணையாக வருவோர்க்கு, அந்த விசாவை வைத்துக்கொண்டு ஊதியத்துக்கு வேலை செய்ய அனுமதி இல்லை. அந்த உரிமை கிடைத்தாலும், வெளிநாட்டுப் பட்டத்தைத் தென்னாப்பிரிக்கத் தகுதிகள் ஆணையத்திடம் கொடுத்து மதிப்பீடு பெற்று, அதன்பின் கல்வியாளர் மன்றத்தில் பதிவு செய்துகொண்டுதான் வகுப்பறைக்குள் நுழைய முடியும். இவ்விதிகளைக் குறை சொல்ல நான் வரவில்லை. ஆனால் அந்த இடைக்காலத்தில், ஊரில் பலர் யோசனை கேட்டு வந்த ஒரு பெண், வங்கியிலும் மருத்துவமனையிலும் இன்னாருடைய மனைவி என்று மட்டுமே அறியப்படுகிறாள். தொலைபேசியில் தன் ஆங்கிலம் ஒருமுறை புரியாமல் போனால், அடுத்த அழைப்பைக் கணவரிடம் கொடுத்துவிடுகிறாள். நாளடைவில் வீட்டுக்குள்ளேகூட அவள் கருத்துச் சொல்வது குறைகிறது. இதை நான் பல வீடுகளில் பார்த்துவிட்டேன்.

பெயரும் தடுமாறுகிறது. தலைப்பெழுத்து மட்டுமே வைத்து வாழ்ந்த எங்களுக்குக் கடவுச்சீட்டில் தந்தை பெயரோ கணவர் பெயரோ குடும்பப்பெயராகிவிடுவதால், ஒரே வீட்டில் இருப்பவர்களுக்கு வெவ்வேறு குடும்பப்பெயர்கள் அமைந்து, குழந்தையைப் பள்ளியில் சேர்க்கும்போது உறவையே விளக்கி நிரூபிக்க வேண்டியிருக்கிறது. இந்தத் துன்பம் உங்களுக்குப் புதிதன்று. 1860 நவம்பர் 16 அன்று சென்னையிலிருந்து 342 பேருடன் ட்ரூரோ கப்பல் நடால் துறைமுகம் (இன்றைய டர்பன்) சேர்ந்த நாள் முதல் 1911 வரை வந்த ஏறத்தாழ 1,52,000 இந்திய ஒப்பந்தத் தொழிலாளர்களின் பெயர்கள், கேட்டவர் காதில் விழுந்தபடியெல்லாம் எழுதப்பட்டு, எண்ணோடு பதிவேட்டில் ஏறின. அப்படி எழுதப்பட்ட பெயர்களைத் தாங்கிய குடும்பங்கள்தாம் பின்னர் இங்கே கோயில் எழுப்பின. அரசு உதவி போதாத இடத்தில் தாமே பணம் திரட்டிப் பள்ளிகளும் கட்டின. இனவாரியாகக் குடியிருப்புகளைப் பிரித்த தனிக்குடியிருப்புச் சட்டத்தால் டர்பனின் கேட்டோ மேனர் பகுதியிலிருந்து பெயர்த்தெடுக்கப்பட்டுச் சாட்ஸ்வொர்த் பகுதியில் விடப்பட்டபோதும், அங்கே முதலிலிருந்து எல்லாவற்றையும் மீண்டும் தொடங்கினார்கள். காந்தியின் தலைமையில் இந்நாட்டின் டிரான்ஸ்வால் பகுதியில் நடந்த சத்தியாக்கிரகத்தின் முன்னணியில் நின்று மீண்டும் மீண்டும் சிறை சென்ற தம்பி நாயுடுவும் மொரீஷியசில் பிறந்து இங்கு வந்து குடியேறியவரே. வந்த நாட்டில் அவர் ஏற்றுக்கொண்ட பொதுப்பணியால்தான் இந்நாட்டு வரலாற்றில் அவருக்கு ஓர் இடம் உண்டாயிற்று.

இனி, வேண்டுகோளுக்கு வருகிறேன். இந்நாட்டு அரசமைப்புச் சட்டத்தின் 6ஆம் பிரிவு, போற்றி வளர்க்கப்பட வேண்டிய மொழிகளுள் தமிழையும் பெயர் சொல்லிக் குறிப்பிடுகிறது. இருந்தும் பள்ளியிலும் தொழிலிலும் ஆங்கிலமே நிலைபெற்றுவிட்டதால், உங்கள் பேரப்பிள்ளைகளுள் பெரும்பாலோர்க்குத் தமிழில் உரையாட வாய்க்கவில்லை. மண்டபங்களில் நடக்கும் வார இறுதித் தமிழ் வகுப்புகளுக்குப் பேச்சுத்தமிழ் அறிந்தவர்கள் தேவைப்படுகிறார்கள்; எங்கள் வீடுகளிலோ அத்தகையோர் பகலெல்லாம் பேச ஆளில்லாமல் இருக்கிறார்கள். விசாவின் நிபந்தனைகள் தொண்டுப் பணிக்கு இடந்தருகின்றனவா என்பதை முன்கூட்டியே விசாரித்து, இடமிருந்தால் அவர்களை உங்கள் ஆசிரியர்களுக்குத் துணையாக அமர்த்துங்கள். மாணவர் ஒருவர் தன் வருகைக்காகக் காத்திருக்கிறார் என்று தெரிந்துவிட்டால், ஒடுங்கிப்போன மனிதரும் நிமிர்ந்து நடக்கத் தொடங்குவார் என்பதை ஓர் ஆசிரியை என்ற முறையில் உறுதியாகச் சொல்வேன்.

எங்கள் தரப்பாருக்கும் ஒன்று சொல்ல வேண்டும். இங்குள்ளவர்களுக்குத் தமிழ் பேச வராது என்று ஏளனமாகப் பேசுவோர் எங்களில் சிலர் உண்டு. அது எனக்குச் சிறிதும் உடன்பாடில்லை. ஆடி மாதத்தில் மாரியம்மனுக்குக் கூழ் ஊற்றுவதையும், இசிப்பிங்கோ மாரியம்மன் கோயிலில் ஈஸ்டருக்கு முந்தைய பெரிய வெள்ளிக்கிழமையன்று ஆயிரக்கணக்கில் கூடுவதையும் தலைமுறை தலைமுறையாக விடாமல் காத்து வருபவர்களிடம் நாங்கள் கற்றுக்கொள்ள வேண்டியவை நிறைய இருக்கின்றன. உங்கள் குடும்ப வரலாற்றையும், இந்நாட்டில் வேறெந்த மொழியையும்விட அதிகமானோரின் தாய்மொழியான சூலு மொழியில் அன்றாடப் பேச்சையும் எங்களுக்குச் சொல்லிக் கொடுங்கள். கடைக்காரரிடமும் காவலாளியிடமும் அவர்கள் மொழியில் பேசத் தெரியாதவரை, நாங்கள் இந்த ஊரில் வெளியாட்களாகவே இருப்போம்.

இத்துடன், பட்டச் சான்று மதிப்பீடு, பெயர்ச் சிக்கல், பள்ளிச் சேர்க்கை ஆகியவற்றில் வழிகாட்ட, ஒவ்வொரு சங்கமும் பொறுமையுள்ள ஒருவரை, இயன்றால் ஒரு பெண்மணியை, நியமித்தால் பெரும் உதவியாக இருக்கும்.

அடுத்த பொதுக்குழுவில் இதனை விவாதப் பொருளாக எடுத்துக்கொள்ளுமாறு கேட்டுக்கொள்கிறேன். விசா விதிகள் அனுமதிக்குமாயின், சனிக்கிழமைக் காலைகளில் தமிழோடு கணக்கும் சொல்லிக்கொடுக்க நான் ஆயத்தமாக இருக்கிறேன்.

இப்படிக்கு,
டர்பனில் வாழும் ஒரு கணித ஆசிரியை