கூத்துக் கொட்டகைக்குக் கூரை: நன்கொடை வேண்டுகோள்

ஓம் சக்தி. சாட்ஸ்வர்த்திலும் டர்பன் சுற்றுவட்டாரத்திலும் இருக்கும் அன்பர்களுக்குக் கூத்துக் குழுக் கமிட்டியார் வணக்கத்துடன் எழுதுவது.

நேரே விஷயத்துக்கு வருகிறோம். கொட்டகைக்குக் கூரை போட ஒப்புக்கொண்ட மேஸ்திரி சொன்ன விலை இந்த மாதம் 30ஆம் தேதி வரைக்கும்தான். அதற்கப்புறம் தகரம் என்ன விலைக்குப் போகும் என்று அவருக்கே தெரியாதாம். மொத்தச் செலவு 1,86,000 ராண்ட். கையில் இருப்பது 97,450. துண்டு விழுவது 88,550.

2022 ஏப்ரல் 11ஆம் தேதி ராத்திரி பெய்த மழையை இங்கே யாரும் மறந்திருக்க முடியாது. தென்னாப்பிரிக்காவின் இந்தக் குவாசுலு-நட்டால் மாகாணத்தில் 400 பேருக்கு மேல் பலி கொண்ட வெள்ளம் அது. வீடும் வாசலும் போனவர்கள் இருக்கும்போது ஒத்திகைக் கொட்டகையைப் பற்றிப் பேச வாய் வரவில்லை. அதனால்தான் இத்தனை காலம் சும்மா இருந்தோம். கூரை பிய்ந்துபோன இடத்தில் அன்றைக்குத் தார்ப்பாய் கட்டினோம். இன்றைக்கும் தார்ப்பாய்தான், ஆனால் இது மூன்றாவது.

அன்று முழங்கால் தண்ணீரில் கிடந்த தகரப் பெட்டியைப் பக்கத்துத் தெரு சூலு இளைஞர்கள் இரண்டு பேர் தூக்கி வந்து கோயில் திண்ணையில் வைத்தார்கள். “இந்தக் கனம் கனக்கிறதே, உள்ளே தங்கமா?” என்று கேட்டார்கள். திறந்து காட்டினோம். அர்ச்சுனன் கிரீடம், புஜக்கட்டைகள், மார்ப்பதக்கம், நாலு ஜோடி சலங்கை. டார்ச் வெளிச்சத்தில் கண்ணாடிச் சில்லுகள் மின்னின. அவர்களில் ஒருவர் கிரீடத்தைத் தலையில் வைத்துக்கொண்டு அந்த மழையிலும் ஒரு ஆட்டம் போட்டுவிட்டுத்தான் போனார். ஆனால் கட்டை நீர் குடித்து உப்பிவிட்டது. காய்ந்தபோது நடுவில் வெடித்தது. ஜிகினாத்தாள் உரிந்து தொங்குகிறது, எத்தனை முறை வெயிலில் வைத்தாலும் பூசண வாடை போகவில்லை. போன வருடம் அர்ச்சுனன் அந்த விரிசலுக்கு மேல் சரிகை ரிப்பன் சுற்றிக்கொண்டுதான் திரைக்குப் பின்னாலிருந்து வந்தான். முன்வரிசையில் இருந்த பெரியவர்கள் கவனித்தார்கள். கவனித்தும் ஒன்றும் சொல்லவில்லை, அதுதான் எங்களுக்கு அதிகமாக உறைத்தது.

அந்தப் பெட்டி எங்கிருந்து வந்தது என்று இளையவர்களுக்குச் சொல்ல வேண்டும். 1860 நவம்பர் 16ஆம் தேதி மதராஸிலிருந்து 342 பேரோடு ட்ரூரோ கப்பல் இந்த டர்பன் துறைமுகத்துக்கு வந்ததிலிருந்து 1911 வரைக்கும் 1,52,184 பேர் ஒப்பந்தக் கூலிகளாக வந்து இறங்கினார்கள். பெரும்பாலோர் மதராஸ் பக்கத்து ஜனங்கள். அவர்களோடு தெருக்கூத்தும் வந்தது. கரும்புக்காட்டு லயன் வீடுகளில் விடிய விடிய ஆடினார்கள். இந்த ஊர் ஆங்கிலத்தில் அதற்கு ‘சிக்ஸ் ஃபுட் டான்ஸ்’ என்று பேர். புதிதாகக் கேட்பவர்கள் ஆறடி உயர ஆள் எங்கே என்று தேடுவார்கள்.

நம் குழு பிறந்தது மேகசின் பேரக்ஸில். டர்பன் நகராட்சியின் இந்தியத் தொழிலாளிகளைக் குடிவைத்த இடம் அது. தமிழும் தெலுங்கும்தான் அங்கே பேச்சு. பகலெல்லாம் தெருக்கூட்டிச் சாக்கடை அள்ளியவர்கள் ராத்திரி அரிதாரம் பூசிக்கொண்டு துரியோதனனாகவும் தருமனாகவும் நின்றார்கள். ஆம்பிளைகளே பாஞ்சாலி வேஷம் கட்டினார்கள். தாத்தாமார் இதைச் சொல்லும்போது முதுகு நிமிர்வதைப் பார்த்திருப்பீர்கள். துகில் உரியும் கட்டத்தில் ஆயாமார் எழுந்து நின்று துச்சாதனனைத் திட்டுவார்களாம். துச்சாதனன் ஆடியவருக்கு ஒரு வாரத்துக்கு அடுத்த வீட்டில் டீ கிடைக்காதாம்.

அப்புறம் 1950இல், இன்ன இனத்தார் இன்ன இடத்தில்தான் குடியிருக்கலாம் என்ற குரூப் ஏரியாஸ் சட்டம் வந்தது. அறுபதுகளில் பேரக்ஸைக் காலி செய்யச் சொல்லி ஜனங்களை இங்கே சாட்ஸ்வர்த்துக்கு அனுப்பினார்கள். கடற்காற்றை விட்டு மேட்டு நிலத்துக்கு வந்தோம். லாரியில் சாமான் ஏற்றிய அன்று, கட்டிலை விட்டுவிட்டுக் கிரீடப் பெட்டியை ஏற்றிய குடும்பம் ஒன்று உண்டு. அவர்கள் பேர் வேண்டாம் என்றார்கள், எழுதவில்லை. அந்தப் பெட்டிதான் இது.

சரி, கணக்கு. தகரமும் மரச்சட்டமும் 92,000. கூலி 38,000. கரண்டு வேலை 14,500. கிரீடமும் புஜக்கட்டையும் சென்னைக்கு அனுப்பிச் செப்பனிட்டுத் திருப்பிக் கொண்டுவர, இரண்டு வழிச் சரக்குக் கட்டணமும் சேர்த்து, 29,500. பெட்டியைத் தரையிலிருந்து உயர்த்தி வைக்க மேடையும் அலமாரியும் 12,000. சென்னைக்கு அனுப்பத்தான் வேண்டுமா, இங்கேயே ஃபைபரில் செய்யக்கூடாதா என்று சிலர் கேட்டார்கள். செய்து பார்த்தோம். பிளாஸ்டிக் கிரீடத்தோடு ஆடிய பையனே “தலையில் ஐஸ்கிரீம் டப்பா மாதிரி இருக்கிறது” என்று கழற்றி வைத்துவிட்டான்.

கையிலிருக்கும் 97,450 சும்மா சேர்ந்ததல்ல. மூன்று முறை பிரியாணி டிக்கெட் விற்றோம். அதிகாலை மூன்று மணிக்கு எழுந்து உருளைக்கிழங்கு தோல் சீவிய அக்காமாருக்கு நாங்கள் பட்ட கடன் தீராது. டப்பாவில் போட்டு வீடு வீடாகக் கொண்டுபோய்க் கொடுத்த டாக்சிக்கார அண்ணன் பெட்ரோலுக்குக்கூடக் காசு வாங்கவில்லை. பென்ஷன் வாங்கும் நாளில் தவறாமல் 50 ராண்ட் உறையில் போட்டு, உறையின் மேல் ‘திரௌபதை அம்மன் துணை’ என்று எழுதிக் கொடுக்கும் ஆயாவுக்கு வயது எண்பத்தைந்து. தையல்கார மாமி ஆறு ஜரிகை அங்கிகளைப் பிரித்துத் துவைத்துத் திரும்பத் தைத்துக் கொடுத்தார், நூல் விலைகூடக் கேட்கவில்லை. ஜோகன்னஸ்பர்க்குக்குக் குடிபோன பிள்ளைகள் மாதா மாதம் அனுப்புகிறார்கள். ஆர்மோனியத்துக்கு ரீட் வாங்கித் தந்தவர் மேடையில் தன் பேரை வாசிக்கக்கூடாது என்று சத்தியம் வாங்கிக்கொண்டார். அம்மன் இவர்கள் எல்லோருக்கும் குறை வைக்க மாட்டாள்.

எங்கள் பட்டியலில் 148 குடும்பங்கள் இருக்கின்றன. குடும்பத்துக்கு 600 ராண்ட் வைத்தால் 88,800 வருகிறது. துண்டு விழுந்தது போக மிச்சம் 250, ஒத்திகை டீத்தூளுக்கு ஆகும். ஒரு கல்யாண ராத்திரி டீஜேக்கு நாம் கொடுப்பது எவ்வளவு என்று எல்லோருக்கும் தெரியும். அதைத் தப்பு என்று சொல்லவில்லை, நாங்களும் போய் ஆடியவர்கள்தான். ஆனால் தபசு மரத்திலிருந்து அர்ச்சுனன் வீசும் எலுமிச்சம்பழத்துக்கு முண்டியடித்துக் கை நீட்டிவிட்டு, தட்டு வரும்போது போனைப் பார்ப்பது நியாயமா? கொடுக்காத குடும்பங்களின் பேரையும் பலகையில் எழுதலாம் என்று செயலாளர் சொன்னார். பொருளாளர் தடுத்துவிட்டார். இப்போதைக்கு.

முடியாதவர்கள் மனம் கஷ்டப்பட வேண்டாம். ஒரு தகரத்தின் விலையை இரண்டு மூன்று வீடுகள் சேர்ந்து கொடுக்கலாம். சுத்தியல் பிடிக்கத் தெரிந்தவர் ஒரு சனிக்கிழமை வந்தால் கூலியில் அவ்வளவு குறையும்.

ஈஸ்டர் விடுமுறைத் தீமிதிக்கு முந்திய ராத்திரி கூத்து உண்டு, அதில் மாற்றமில்லை. இந்த வருடம் பாஞ்சாலி ஒரு பதினாறு வயதுப் பெண். தமிழ்ப் பாட்டை ஆங்கில எழுத்தில் எழுதி மனப்பாடம் செய்கிறாள். ‘ழ’ மட்டும் இன்னும் வரவில்லை, வந்துவிடும். தமிழ் வாசிக்கத் தெரியாத பேரப்பிள்ளைகளுக்கு இந்தக் கடிதத்தைத் தயவுசெய்து உரக்க வாசித்துக் காட்டுங்கள்.

மாத முடிவு வரை ஒவ்வொரு ஞாயிறும் காலை பூஜை முடிந்ததும் கோயில் வாசலில் மேசை போட்டிருப்போம். ரசீது உண்டு. பேரக்ஸ் காலத்துப் படம் வீட்டில் இருந்தால் அதையும் எடுத்து வாருங்கள், நகல் எடுத்து உடனே திருப்பித் தருவோம். மழை பெய்தால் மேசை கோயில் முகப்புக்குள் இருக்கும். கொட்டகையில் போட முடியாது, காரணம் உங்களுக்கே தெரியும்.

இப்படிக்கு,
கூத்துக் குழுக் கமிட்டியார்