கேள்வி கேட்க ஆள் வேண்டும்

ஆசிரியருக்கு,

வணக்கம். நாலைந்து விரிவுரையாளர்களோடு இயங்கும் உயிர் இரசாயனவியல் துறைகள் ஆய்வுப் பட்டங்களை விட்டுவிட்டு, பிள்ளைகளைக் கொழும்புக்கோ வெளிநாட்டுக்கோ அனுப்புவதே நல்லது என்று கடந்த ஞாயிறு உங்கள் பத்திரிகையில் ஒரு கட்டுரை வந்திருந்தது. அப்படியொரு சின்னத் துறையில் முதுதத்துவமாணிப் பட்டத்துக்கு ஆய்வு செய்தவள் நான். துறையின் பெயர் இங்கே வேண்டாம்.

கருவி போதாது என்கிறார் கட்டுரையாளர். சரி, போதாதுதான். 2022 நினைவிருக்கும். மார்ச் தொடக்கத்தில் 200 ரூபாவளவில் நின்ற டொலர் மே மாதத்துக்குள் 360ஐத் தாண்டியது. மார்ச் கடைசியில் நாளுக்கு 13 மணித்தியால மின்வெட்டு. ஆய்வுக்கு வேண்டிய நொதியத்தை (என்சைம்) வாங்கக் காசும் இல்லை, வாங்கினாலும் பாகை -20இல் வைத்திருக்க வழியும் இல்லை. மேற்பார்வையாளர் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "குரக்கன் முளைக்க வையும் பிள்ளை" என்றார்.

யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலிச் சந்தையில் ஒரு கிலோ குரக்கன் வாங்கி, ஊறவைத்து, ஈரச் சாக்கில் பரப்பினேன். முளைவிடும் தானியம் தன் மாப்பொருளைச் சீனியாக்க அமிலேசு என்ற நொதியத்தைத் தானே சுரக்கும். மூன்றாம் நாள் முளையை உலர்த்தி, அரைத்து, ஐஸில் வைத்த கரைசலில் கலக்கி, துணியில் வடித்தேன். அந்தச் சாற்றை மாப்பொருளோடு சேர்த்து வைத்திருந்து, சீனி இருந்தால் நிறம் மாறிக் காட்டும் டிஎன்எஸ் கரைசல் விட்டுக் கொதிநீரில் 5 நிமிடம் வைத்தபோது, மஞ்சளாக இருந்த ரியூப் செங்கல் நிறமாக மாறியது. வாங்கிய நொதியத்தோடு வேலை செய்திருந்தால் இதில் பாதியும் நான் படித்திருக்க மாட்டேன். (1990களில் மின்சாரமே இல்லாத யாழ்ப்பாணத்தில் படிப்பித்தவர்கள் இதை வாசித்தால் சிரிப்பார்கள்.)

ஆனால் என்னைப் பிடித்துவிழுத்தியது வேறொன்று. இரண்டு மாதமாக என் அளவீடுகள் அழகாக ஏறிக்கொண்டே போயின. மேற்பார்வையாளருக்கு மருத்துவ மாணவர்களின் செய்முறை வகுப்பு, பரீட்சைத் தாள், கூட்டம். துறையில் மற்ற ஆய்வு மாணவர் ஒருவர்தான், அவரும் வேறு தலைப்பு. ஒருநாள் எங்களிடம் தராசு பாவிக்க வந்த விவசாயபீடப் பட்டதாரி ஒருவர் என் கொப்பியைப் புரட்டிவிட்டுக் கேட்டார்: "முளைவிட்ட தானியத்திலேயே சீனி இருக்குமே அக்கா, அதைக் கழிச்சனீங்களோ?"

கழிக்கவில்லை. நொதியம் ஆக்கிய சீனியோடு, சாற்றில் ஏற்கெனவே இருந்த சீனியையும் சேர்த்தே எண்ணிக்கொண்டிருந்திருக்கிறேன். இரண்டு மாத வேலை குப்பைக்குள் போனது. அன்று பின்னேரம் கன்ரீனில் தேத்தண்ணீர்கூட இறங்கவில்லை.

சின்னத் துறையின் உண்மையான வறுமை இதுதான் என்பேன். இயந்திரத்தை இரவல் வாங்கலாம். சுவீடனின் உப்சாலாவில் 1961இல் தொடங்கிய சர்வதேச அறிவியல் திட்டம் இதற்கு 'சாண்ட்விச்' முறையைக் கையாண்டது. பிரச்சினையும் பட்டமும் மாணவரின் சொந்த நாட்டிலே, கருவிக்கு மட்டும் சில மாதம் அங்கே, பிறகு திரும்பி வருவது. கட்டுரையாளர் சொல்வதுபோல் பிள்ளையை முழுசாக அனுப்பிவிட்டால் இங்கே அடுத்தவருக்குச் சொல்லிக்கொடுக்க யார் மிஞ்சுவார்?

கேள்வி கேட்கும் ஆளை அப்படி இரவல் வாங்க முடியாது. ஆனால் யாழ்ப்பாணத்தில் அவர்கள் இருக்கிறார்கள். மருத்துவபீடமும் விஞ்ஞானபீடமும் சைக்கிளில் போய்வரும் தூரம். விவசாயபீடம்தான் கிளிநொச்சி அறிவியல் நகரில் கொஞ்சம் எட்ட இருக்கிறது, அவர்கள் இணையவழியில் வரட்டும். இரண்டு கிழமைக்கு ஒருமுறை, வெள்ளி பின்னேரம், மூன்று பீட ஆய்வு மாணவர்களும் ஒன்றுகூடி ஒருவரின் கொப்பியைத் திறந்து பார்க்க வேண்டும். பவர்பொயின்ற் வேண்டாம், அதில் பிழையை ஒளிப்பது சுகம். பேராசிரியர்கள் பின்வரிசையில் இருந்தால் போதும். முன்னால் இருந்தால் பிள்ளைகள் வாய் திறக்காதுகள்.

இதற்குத் தேவையானது ஒரு அறையும் ஒரு கேத்தில் தேத்தண்ணீரும். முதல் நாளுக்கு என் பழைய கொப்பியைத் தருகிறேன், பிழையான பக்கங்களைக் கிழிக்காமல்.

இப்படிக்கு,
முன்னாள் ஆய்வு மாணவி,
கோண்டாவில்.