போனவர்களும் தங்கியவர்களும்

ஜீலாங்,
2025 அக்டோபர் 26

அன்புள்ள நண்பா,

உன் கடிதம் செவ்வாய்க்கிழமை வந்து சேர்ந்தது. இரண்டு பக்கமும் உங்கள் கால்பந்து வீரர் ஆஸ்கர் ஆலன் கிளப் மாறிய பேச்சுதான். மூட்டுவலி எப்படி இருக்கிறது என்று நான் கேட்டதற்கு அரை வரியில் பதில் எழுதியிருக்கிறாய். மனம் எவ்வளவு நொந்திருக்கிறது என்பது அதிலேயே தெரிந்துவிட்டது. ஆஸ்திரேலியக் கால்பந்து லீக்கில் உன் பெர்த் கிளப்பான வெஸ்ட் கோஸ்ட் இந்த ஆண்டு முழுவதும் ஒரே ஒரு ஆட்டம்தான் ஜெயித்தது. அந்தப் புண் ஆறுவதற்குள் இரண்டு கேப்டன்களில் ஒருவரும் பிரிஸ்பேனுக்குப் போய்விட்டார். பெர்த்திலேயே வளர்ந்த பையன் அல்லவா? அதுதான் உன்னை அதிகம் சுடுகிறது என்று நினைக்கிறேன்.

என் பக்கமும் சந்தோஷம் இல்லை. செப்டம்பர் 27 அன்று இறுதிப்போட்டியில், மெல்போர்னின் எம்.சி.ஜி. மைதானத்து மேலடுக்கில் உட்கார்ந்து, பிரிஸ்பேன் எங்கள் ஜீலாங்கை 47 புள்ளி வித்தியாசத்தில் அடித்ததைக் கடைசி மணி வரை பார்த்தேன். ரயிலில் ஊர் திரும்பும்போது பெட்டி முழுக்க நீலமும் வெள்ளையும் போட்ட கழுத்துத்துண்டுகள், ஒருவர்கூடப் பேசவில்லை. ஆகவே நீயும் நானும் இந்த ஆண்டு ஒரே ஊரிடம் தோற்றவர்கள்.

"உங்கள் ஊருக்கும் பிரிஸ்பேனுக்கும் மட்டும் ஏன் எல்லோரும் போகிறார்கள்? எங்களிடம் என்ன குறை?" என்று கேட்டிருந்தாய். மூன்று நாளாக இதைத்தான் யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

பணத்தால்தான் என்று நீ எழுதியிருப்பதை நான் ஏற்கவில்லை. ஐரோப்பியக் கால்பந்தைப் போல இங்கே பணக்கார கிளப் எல்லோரையும் வாங்கிக் குவிக்க முடியாது. சம்பளத்துக்கு உச்சவரம்பு வந்து நாற்பது ஆண்டு ஆகப்போகிறது. அந்த வரம்பில் 95 சதவீதத்தையாவது செலவழித்தாக வேண்டும் என்ற கட்டாயமும் உண்டு. ஆகையால் பதினெட்டு கிளப்புகளின் கையிலும் ஏறக்குறைய ஒரே தொகைதான் இருக்கிறது. சொல்லப்போனால், தோற்றுக்கொண்டிருக்கும் கிளப்தான் ஒரு நல்ல வீரருக்கு அதிகம் தர முன்வருகிறது. 2017இல் நார்த் மெல்போர்ன் டஸ்டின் மார்ட்டினுக்கு ரிச்மண்டைவிடப் பெரிய தொகை கொடுக்கத் தயாராக இருந்தது. அவர் ரிச்மண்டிலேயே இருந்துவிட்டார். அடுத்த ஒரே மாதத்தில் லீக்கின் சிறந்த வீரருக்கான பிரவுன்லோ பதக்கம், கோப்பை, இறுதிப்போட்டியின் சிறந்த வீரருக்கான நார்ம் ஸ்மித் பதக்கம், மூன்றும் அவர் கைக்கு வந்தன.

கிளப்புகள் முறை வைத்து இளைஞர்களை எடுக்கும் டிராஃப்டில், பதினெட்டு வயதுப் பையனை எந்த கிளப் அழைக்கிறதோ அங்கேதான் அவன் போயாக வேண்டும். அப்போது அவனுக்கு வாய் கிடையாது. எட்டு ஆண்டு ஆடியபின் ஒப்பந்தம் முடிந்தால் தானே கிளப்பைத் தேர்ந்துகொள்ளலாம் என்ற விதி 2012இல்தான் வந்தது. அதோடு, ஒரு வீரரை அவர் சம்மதமில்லாமல் வேறு கிளப்புக்கு மாற்றவும் முடியாது. பணம் எங்கும் ஒன்று, தேர்வு மட்டும் வீரரின் கையில் என்றால், பணத்தால் வாங்க முடியாதவைதான் எடை போடப்படும். அவற்றில் முதலில் வருவது வீடு.

ஜீலாங்கைப் பற்றி உனக்குத் தெரியாததா? நீயும் நானும் முதல்முதலாக இங்கே ஆட்டம் பார்க்க வந்தபோது, 'இது என்ன, தூங்கி வழிகிற ஊர்' என்று சொன்னது நீதான். அந்தத் தூக்கம்தான் இன்று இந்த கிளப்பின் பெரிய சொத்து. பேட்ரிக் டேஞ்சர்ஃபீல்ட் கிரேட் ஓஷன் ரோடு ஓரத்திலுள்ள மோக்ஸ் கிரீக் பையன். எட்டு ஆண்டு அடிலெய்டில் ஆடிவிட்டு, 2015 முடிவில் கடற்கரை வீட்டுக்கே திரும்பி வந்தார். மறுஆண்டே பிரவுன்லோ பதக்கம். ஜெரமி கேமரன் மேற்கு விக்டோரியாவின் கோடியில் இருக்கும் டார்ட்மூர் என்ற சிற்றூர்க்காரர். மேற்கு சிட்னிக்காக கோல் கோலாக அடித்தவர், 2020 முடிவில் மெல்போர்ன் கிளப்புகளைத் தாண்டி இங்கே வந்தார். இன்று ஊருக்கு வெளியே பண்ணை நிலம் வைத்துக்கொண்டு, இந்த ஆண்டும் லீக்கிலேயே அதிக கோல் அடித்திருக்கிறார். மெல்போர்னில் இருந்திருந்தால் காலையில் காபி வாங்கப் போனால்கூட நாலு கேமரா பின்னால் வரும்.

போன ஜூலையில் டார்க்கியில் ஒரு ரொட்டிக்கடை வரிசையில் நின்றிருந்தேன். எனக்கு முன்னால் ஒரு வீரர், பெயர் வேண்டாம். கால் முழுக்க மணல், தலையில் உப்புநீர் சொட்டிக்கொண்டிருந்தது. அவருக்கு முன்னால் நின்ற முதியவர் திரும்பி, "மேற்கே மழை உண்டா?" என்று கேட்டார். இருவரும் ஆட்டுக்குட்டி விலையும் புல்லின் உயரமும் பேசிக்கொண்டே பணம் கொடுத்துவிட்டுப் போனார்கள். முந்தின நாள் ஜீலாங் தோற்றிருந்தது. அதைப் பற்றி அந்த முதியவர் ஒரு வார்த்தை கேட்கவில்லை. இந்த மரியாதைக்காக ஒரு மனிதன் சம்பளத்தில் கொஞ்சம் விட்டுக்கொடுப்பான் என்று அன்றைக்குத்தான் எனக்கு உறைத்தது.

ஊர் மட்டும் போதாது. இவர்கள் வயதான வீரர்களை வைத்துக்கொள்ளும் விதம் வேறு. ஐசக் ஸ்மித் ஹாத்தோர்னை விட்டு வந்தபோது, கடைசிச் சம்பளம் வாங்க வருகிறார் என்றுதான் நான்கூட நினைத்தேன். 2022 இறுதிப்போட்டியில் 33 வயதில் நார்ம் ஸ்மித் பதக்கம் வாங்கினார். டைசன் ஸ்டெங்கிளை அடிலெய்டு பட்டியலிலிருந்தே நீக்கியிருந்தது. இங்கே வந்த முதல் ஆண்டிலேயே 53 கோல். அந்த ஆண்டு எடி பெட்ஸ் இங்கே பயிற்சியாளர் குழுவில் இருந்தார். அந்தப் பையனுக்கு வழி காட்ட ஒரு மூத்தவர் கூடவே இருந்தார் என்பதை நான் சிறிய விஷயமாக நினைக்கவில்லை. ஒருவர் இப்படி நிமிர்ந்து நிற்பதைப் பார்க்கும் அடுத்தவர், தன் முகவரிடம் "ஜீலாங்கைக் கேட்டுப் பாருங்கள்" என்று தானாகவே சொல்வார்.

ஆனால் ஜீலாங்கையும் விட்டுப் போயிருக்கிறார்கள். இதை நான் மறைத்தால் நீ விடமாட்டாய். டிம் கெல்லி உங்கள் ஊர்க்காரர். இளங்குழந்தைகளும் மனைவியும் சொந்தபந்தத்தின் அருகில் இருக்க வேண்டும் என்று 2018 முடிவிலேயே கேட்டார். பேரம் படியவில்லை. கோபித்துக்கொள்ளாமல் இன்னும் ஓராண்டு இங்கே உயிரைக் கொடுத்து ஆடினார். 2019 முடிவில் உங்களிடம் அனுப்பி வைத்தோம். அந்த ஓராண்டு முழுக்க எங்கள் மைதானமான கார்டினியா பார்க்கில் அவரை யாரும் ஏசி நான் கேட்டதில்லை. கேரி ஆப்லெட் 2010இல் கோல்ட் கோஸ்டுக்குப் போனார். ஏழு ஆண்டு கழித்துத் திரும்பி வந்தார். போனவர் திரும்பி வருவதற்குக் கதவு திறந்திருக்கிறதா என்பதையும் வீரர்கள் பார்க்கிறார்கள்.

சரி, வீடுதான் எல்லாம் என்றால் ஆலன் ஏன் வீட்டை விட்டுப் போனார்? உன் கடிதத்தின் உண்மையான கேள்வி இதுதான். இதற்கு பிரிஸ்பேனின் கதையை முதலிலிருந்து பார்க்க வேண்டும்.

2013 முடிவில் பிரிஸ்பேனை விட்டு ஒரே மூச்சில் ஐந்து இளைஞர்கள் போனார்கள்: சாம் டோகெர்ட்டி, எலியட் யோ, ஜாரெட் போலெக், பில்லி லாங்கர், பேட்ரிக் கார்னேசிஸ். அதில் யோ உங்களிடம் வந்து 2018 கோப்பையில் ஆடினார், நினைவிருக்கிறதா? அப்போது பிரிஸ்பேனும் இதையேதான் சொன்னது: 'நாங்கள் தூரத்து ஊர், ரக்பி ஊர், பையன்கள் வீட்டு ஏக்கத்தில் போகிறார்கள், எங்களால் என்ன செய்ய முடியும்?' 2017இல் பட்டியலின் அடியில் கிடந்தார்கள். அதே ஊர், அதே வெயில், அதே தூரம். 2024இலும் 2025இலும் கோப்பை. மாறியது ஊர் இல்லை.

பயிற்சியாளராகக் கிறிஸ் ஃபேகன் வந்தார். டாஸ்மேனியாக்காரர், முன்னாள் பள்ளி ஆசிரியர்; பெரிய லீக்கில் ஒரு ஆட்டம்கூட ஆடாதவர். அவர் வந்தபின் கிளப் முதலில் செய்தது வெளியாளை வலைவீசிப் பிடித்தது என்று பலர் நினைக்கிறார்கள். என் கணக்கில் அதற்கு முன்னால் நடந்தது முக்கியம்: இருப்பவர்கள் போவது நின்றது. 2016 டிராஃப்டில் ஹியூ மெக்ளக்கேஜும் ஜாரட் பெர்ரியும் எடுக்கப்பட்டார்கள். இருவரும் மேற்கு விக்டோரியாப் பையன்கள், ஒரே இளையோர் அணியில் ஆடியவர்கள். சேர்ந்தே போனார்கள், சேர்ந்தே தங்கிவிட்டார்கள். அடுத்து ஹாத்தோர்னில் ஓய்வு அறிவித்திருந்த லூக் ஹாட்ஜ் 2018இல் வந்து, இரண்டு ஆண்டு அந்த இளைஞர்களோடு ஆடினார். அதற்குப் பிறகுதான் லாக்கி நீல் பெர்த்தின் இன்னொரு கிளப்பான ஃப்ரீமேண்டிலிலிருந்து வந்தார். அவருக்கு பிரிஸ்பேன் சொந்த ஊரும் இல்லை, பக்கத்து ஊரும் இல்லை. ஜோ டேனிஹர், ஜாஷ் டங்க்லி எல்லாம் அதன் பின்னர். ஸ்பிரிங்ஃபீல்டில் புதிய பயிற்சி மைதானம் 2022இல்தான் திறந்தார்கள். கட்டடம் வருமுன்பே ஆட்கள் வரத் தொடங்கிவிட்டார்கள் என்பதைக் கவனி.

2021இல் நீல்கூடக் குடும்பத்துக்காகப் பெர்த்துக்குத் திரும்பலாமா என்று யோசித்தவர்தான். தங்கினார். ஒரு கிளப்பின் ஈர்ப்பை அளக்க வேண்டுமானால் யார் வருகிறார்கள் என்று பார்க்காதே, போக நினைத்தவரில் எத்தனை பேர் தங்கினார்கள் என்று பார். இதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

பழம்பெருமையும் காப்பாற்றாது. எசெண்டன் கிளப்பைப் பார். 16 கோப்பை; ஆட்டத்துக்கு ஆட்டம் பெருங்கூட்டம். 2004க்குப் பிறகு ஒரு இறுதிச்சுற்று ஆட்டம்கூட ஜெயிக்கவில்லை. இந்தப் பருவம் முடிந்ததும் அவர்களுடைய கேப்டன் ஸாக் மெரட்டே ஹாத்தோர்னுக்கு மாற்றிவிடுங்கள் என்று கேட்டார். பேரம் முடியாததால் இருக்கிறார். இன்னொரு பக்கம், ஆண்டுக்கு ஆண்டு ஆள் இழந்துகொண்டிருந்த கோல்ட் கோஸ்ட் இந்த ஆண்டு முதல்முறையாக இறுதிச்சுற்றுக்கு வந்தது. வந்த கையோடு கிறிஸ்டியன் பெட்ராக்காவே மெல்போர்னை விட்டு அங்கே போகிறார்.

ஆகவே ஆலனை நான் திட்டமாட்டேன். 26 வயது. காயத்தில் போன காலம் போக, மிச்சமிருக்கும் ஆண்டுகளில் இறுதிச்சுற்று நடக்கும் செப்டம்பர் மாதத்தில் ஆட வேண்டும் என்று விரும்பினார். அவர் போனதற்கு ஈடாக டிராஃப்டில் இரண்டாவது இடம் உங்களுக்குக் கிடைத்திருக்கிறது. வருகிற பையனையும் விக்டோரியாவின் டோங்காலாவிலிருந்து வந்த ஹார்லி ரீடையும் எப்படி வைத்துக்கொள்கிறீர்கள் என்பதில்தான் காரியம் இருக்கிறது. ரீட் எப்போது விக்டோரியாவுக்குத் திரும்புவார் என்று இங்குள்ள பத்திரிகைகள் அவர் முதல் ஆண்டிலிருந்தே எழுதுகின்றன. அதைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு எரிச்சலாக வரும். இருபது வயதுப் பையனை நிம்மதியாக ஆட விடவேண்டாமா?

உன்னிடம் இதுவரை சொல்லாத ஒன்று. நீ மெல்போர்னை விட்டுப் பெர்த்துக்குப் போனபோது உன்மேல் எனக்குப் பெரிய கோபம் இருந்தது. எனக்குத் தங்கை போன்ற உன் மனைவியின் அக்கா அங்கே இருக்கிறார், குழந்தையைப் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டும் என்று நீ சொன்னது காதில் விழுந்தது, மனதில் ஏறவில்லை. சம்பளம் குறைந்தும் போனாய். அதைப் புரிந்துகொள்ள எனக்கு டிம் கெல்லி வேண்டியிருந்தது.

வீட்டுச் செய்திக்கு வருகிறேன். என் சின்ன மகள் இங்கே ஒரு உள்ளூர் கிளப்பின் பெண்கள் அணியில் ஆடுகிறாள் அல்லவா? இந்தப் பருவம் முடிந்ததும் ஐந்து பெண்கள் பக்கத்து கிளப்புக்குப் போய்விட்டார்கள். அவர்களைக் குறை சொல்ல முடியாது. உடை மாற்றும் அறையில் தாழ்ப்பாள் உடைந்து இரண்டு ஆண்டு ஆகிறது. குளிர்காலத்தில் வெந்நீரும் வராது. எத்தனை முறை எழுதிக்கொடுத்தும் நடக்கவில்லை. அவளையும் அழைத்தார்கள். நானே போகச் சொன்னேன்.

"அங்கே என் இடது கணுக்கால் யாருக்கும் தெரியாதே அப்பா" என்றாள்.

எனக்கு முதலில் விளங்கவில்லை. அந்த கிளப்பில் எழுபது வயதைக் கடந்த ஒரு பெரியவர் இருக்கிறார். ஆட்டத்துக்கு முன்னால் எல்லாப் பெண்களின் காலுக்கும் டேப் கட்டிவிடுவார். யாருக்கு எந்தக் கால், எந்த ஆட்டத்தில் பிசகியது, எவ்வளவு இறுக்கினால் வலிக்கும் என்று ஒரு காகிதமும் இல்லாமல் நினைவில் வைத்திருப்பார். இவள் பெஞ்சில் உட்கார்ந்ததும் கேட்காமலே இடது காலைத் தூக்கி மடியில் வைத்துக்கொள்வார். அவள் தங்கிவிட்டாள். தாழ்ப்பாளை நானும் இன்னொரு தகப்பனும் போன சனிக்கிழமை போய் மாற்றிவிட்டோம். வெந்நீருக்கு ஒரு பிளம்பரிடம் பேசியிருக்கிறேன்.

அடுத்த ஆண்டு அட்டவணை வந்ததும் பார்க்கிறேன். ஜீலாங் பெர்த்துக்கு வரும் ஆட்டம் இருந்தால் டிக்கெட் போட்டுக்கொண்டு வந்துவிடுவேன். நாலு நாள் தங்குவேன். வெஸ்ட் கோஸ்ட் ஆட்டமோ ஃப்ரீமேண்டில் ஆட்டமோ, உன் பக்கத்து இருக்கை எனக்கு. மூட்டுவலியைப் பற்றி அடுத்த கடிதத்தில் ஒரு பக்கமாவது எழுது. தங்கைக்கு என் அன்பு.

உன்,
ஜீலாங் நண்பன்