இயர்போனைக் கழற்றிவிட்டு இதை வாசி, தம்பி

தம்பி,

நேற்று இரவு நீ அனுப்பிய குரல் பதிவை மூன்று தடவை கேட்டேன். கடை மூடி ரூமுக்கு வரப் பத்து மணியாகிறது, படுத்தால் தூக்கம் வருவதில்லை, விடிய விடியப் பாட்டு கேட்டும் மனசு அடங்கவில்லை என்கிறாய். ரூமில் இருக்கிற நான்கு பேரும் ஆளுக்கொரு இயர்போனை மாட்டிக்கொண்டு சுவரைப் பார்த்துக் கிடப்பதாகச் சொன்னாய் பார், அதுதான் என்னைப் போட்டு அறுக்கிறது. போனில் சொன்னால் "சரிக்கா" என்று வைத்துவிடுவாய். அதனால் எழுதுகிறேன், கொழும்பில் உன்னைப் போலக் கிடக்கிற நம் பிள்ளைகள் வேறு யாராவது வாசித்தாலும் நல்லதுதான்.

நாம் வளர்ந்த காம்பராவை, தேயிலைத் தோட்டத்து லயத்தில், அந்த வரிசை வீட்டில், நமக்கிருந்த ஒற்றை அறையை நினைத்துப் பார். 10க்கு 12 அடி, முன்னால் இஸ்தோப்பு என்று ஒரு திண்ணை, நடுச்சுவர் கூரை வரைக்கும் எட்டாது. இந்தப் பக்கம் யாராவது இருமினால் அந்தப் பக்கம் கொத்தமல்லி அவிப்பார்கள். அந்த லயத்தில் யாரும் தனியாகப் பாட்டு கேட்டதே கிடையாது. கடைசிக் காம்பரா தாத்தா ரேடியோவைத் திருகினால் பத்து வீட்டுக்கும் கேட்கும், பீலிக் குழாயில் தண்ணீர் பிடித்துக்கொண்டிருக்கிற சித்தி அடுத்த வரியைச் சேர்ந்து பாடுவாள், அவள் விட்ட இடத்தில் வேறு யாராவது பிடிப்பார்கள். 1925இல் வானொலி தொடங்கிய அந்தக் கொழும்பிலிருந்துதான் பாட்டு நம் மலைக்கு ஏறி வந்தது, இப்போது நீ அங்கேயே இருந்துகொண்டு பாட்டில்லாமல் கிடக்கிறாய். ஆமாம், பாட்டில்லாமல்தான். காதுக்குள் ஓடுவதை நான் கணக்கில் சேர்க்கவில்லை. நீ வாய் திறந்து கடைசியாகப் பாடியது எப்போது?

அப்பா போன அன்று அம்மா அழவே இல்லை, ஞாபகம் இருக்கிறதா? கண்ணைச் சிமிட்டாமல் உட்கார்ந்திருந்தாள். எத்தனையோ பேர் வந்து ஆறுதல் சொன்னார்கள், ஒன்றும் உள்ளே இறங்கவில்லை. அப்புறம் பக்கத்துக் காம்பரா அத்தை மலையிலிருந்து கொழுந்துச் சாக்கோடு அப்படியே ஓடிவந்து, அம்மாவின் கழுத்தைக் கட்டிக்கொண்டு ஒப்பாரியை எடுத்தாள். முதல் வரிக்கு அம்மா அசையவில்லை. இரண்டாவது வரிக்கு உதடு மட்டும் துடித்தது. மூன்றாவது வரியை அம்மாவே பாடினாள், எனக்கு இன்றைக்கும் மயிர்க்கூச்செறிகிறது. அன்று ராத்திரி அம்மா தூங்கினாள். அந்தத் தூக்கத்தை அத்தையின் தொண்டைதான் கொடுத்தது, நான் அப்படித்தான் நம்புகிறேன்.

பிள்ளைக் காம்பராவில் இதை நான் தினமும் பார்க்கிறேன். காலையில் தாய்மார் பிள்ளைகளை எங்களிடம் விட்டுவிட்டு, வேலைக்குப் பெயர் கொடுக்கப் பெரட்டுக்குப் போனதும் ஒரு பிள்ளை தொடங்கும், ஒன்று அழுதால் அத்தனையும் அழும். போனில் பாட்டுப் போட்டுப் பார்த்திருக்கிறேன், ஒரு நிமிஷம் வேடிக்கை பார்த்துவிட்டுத் திரும்பவும் அழுகை. ஒன்றை நெஞ்சோடு சேர்த்துத் தூக்கிக்கொண்டு அம்மாயி பாடின தாலாட்டை மெதுவாக இழுத்தால், தோளில் இருக்கிறது முதலில் அடங்கும், பிறகு பாயில் கிடக்கிறவை ஒவ்வொன்றாக அடங்கும். எனக்கும் அடங்கும், அதுதான் விஷயம். பாடும்போது மூச்சைச் சட்டென்று இழுத்து நீளமாக விடுகிறோம் இல்லையா, அப்படி நீளமாக மூச்சு போகும்போது நெஞ்சுத் துடிப்பும் கொஞ்சம் நிதானப்படும். கேட்டுக்கொண்டு மட்டும் கிடந்தால் அந்த மூச்சு எங்கிருந்து வரும்?

அப்பாவின் தப்புப் பறையை ஆணியிலிருந்து இறக்கிவிட்டேன். இரண்டு வருஷமாகத் தொங்கியதில் தோல் தொய்ந்து, தட்டினால் அட்டைப் பெட்டி மாதிரிச் சத்தம். இங்கே பனி இறங்கினால் தோல் ஈரத்தைக் குடித்துவிடும், உனக்குத் தெரியும். பழைய கடதாசியைக் கொளுத்தி, அப்பா செய்கிற மாதிரியே தப்பை நெருப்புக்கு மேலே சுற்றிச் சுற்றிக் காட்டினேன், நடுவில் நிறுத்திச் சுண்டிப் பார்த்து, திரும்பவும் காட்டி. நாலாவது தடவை "டிங்" என்று ஒன்று வந்தது பார், அடுப்படியில் இருந்த அம்மா வெளியே வந்துவிட்டாள். இடது கையில் நீளக் குச்சி, வலது கையில் அடிக்குச்சி, எனக்கு இன்னும் இரண்டும் சேர்ந்து விழவில்லை. பழகிவிடும்.

அந்தக் காலத்தில் விடியற்காலையில் ஆட்களைப் பெரட்டுக்குக் கூப்பிடவும் தப்பைத்தான் அடித்தார்கள் என்று அப்பா சொல்வார். இருட்டில் வேலைக்கு விரட்டிய அதே தப்பை வைத்துத்தான் நம் ஆட்கள் மாசியில் காமன் கூத்துக்கு ரதியையும் மன்மதனையும் ஆட வைத்தார்கள். நம் ஆட்கள் இந்தியாவிலிருந்து தோட்டங்களுக்கு வந்து 200 வருஷமானதை நினைத்து, 2023இல் மலையகம் 200 என்று தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை நடந்தார்களே, அந்த வழியில் முதலில் நடந்து வந்தவர்களும் இப்படி ஒருவர் எடுக்க ஒருவர் தொடுத்துப் பாடித்தான் நெஞ்சைத் தேற்றியிருப்பார்கள் என்று எனக்குத் தோன்றுகிறது.

சரி, உன் ரூமுக்கு வருகிறேன். மட்டக்களப்புப் பையன் ஒருவன் இருக்கிறான் என்றாயே, அவன் பக்கத்தில் வசந்தன் கூத்து ஆடுவார்கள், ஒரு பாட்டாவது தெரிந்திருக்கும். கேள். வெட்கப்படுவான், நீ முதலில் தொடங்கு. குளிக்கிற வாளியைக் கவிழ்த்துப் போட்டு அப்பாவின் அடியை இரண்டு விரலால் தட்டு, மெதுவாகவே தட்டு, வீட்டுக்காரர் சத்தம் போடாத அளவுக்கு. குரல் நன்றாக இருக்கிறதா என்று யாரும் பார்க்கப் போவதில்லை.

மாசி மூன்றாம் பிறைக்குக் காமன் கூத்துக் கம்பம் ஊன்றுகிறார்கள். இப்போதே முதலாளியிடம் லீவைச் சொல்லி வை, முடிந்தால் அந்த மூன்று பேரையும் கூட்டிக்கொண்டு வா, பாய் இருக்கிறது. அதற்கு முன்னால் நீங்கள் நாலு பேரும் பாடுவதை ஒரு நாள் பதிவுசெய்து அனுப்பு. அம்மா கொழுந்து நிறுத்துவிட்டு வந்ததும் போட்டுக் காட்டுகிறேன். சத்தத்தைக் கூட்டித்தான் வைப்பேன், அத்தைக்கும் கேட்கட்டும்.

அக்கா